நீ போட்ட நாலு கடுதாசி

அன்பு மக கிருஷாந்திக்கு,

அக்கரப்பத்தனை டவுன்ல போன், போட்டோ கொப்பி எடுக்குற கொமினிகேசன் கடைக்குள்ள உக்காந்து, அம்மா வாயால சொல்லச் சொல்ல போன் தானா எழுதிக்கிட்டுப் போற கடுதாசி இது. எப்பவும் நாங்க இங்க சொகம், உன் சொகத்துக்கு பதில் போடுன்னு தான ஆரம்பிக்கணும். உடம்புக்கு ஒரு கேடும் இல்ல சாமி, காய்ச்சல் தலவலி இல்ல, சாப்புடுறோம், எந்திரிக்கிறோம். மனசு தான் ஒரு வாரமா ஒரு நெலையில இல்ல. போன்ல சொல்லிரலாம்னு மூணு தடவ எடுத்தேன், உன் குரலக் கேட்டதும் சாப்டியான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டேன். என்னம்மா ஒரு மாதிரியா பேசுறீங்கன்னு நீ கூட கேட்ட. அதான் கடுதாசி. கடக்காரப் புள்ள ஜெனுஷாவ கொஞ்ச நேரம் வெளிய நில்லு தாயின்னு அனுப்பிட்டேன், இப்ப இதக் கேக்குறது இந்தப் போன் மட்டும் தான். வேலைக்கு நடுவுல நின்னுக்கிட்டு படிக்காத, ஒரு எடத்துல உக்காந்து படி.

நல்ல சேதிய மொதல்ல சொல்லிர்றேன், அப்புறம் மறந்துருவேன். உன் தம்பி நிரஞ்சனோட மக நிலக்ஷி அஞ்சாம் வகுப்பு புலமைப்பரிசில் பரிட்சையில பாஸாயிட்டா, ஹட்டன்ல பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கப் போறானாம். தம்பி ஹாட்வேர் கடையில தான் இருக்கான், போன வாரம் கூட வந்து கூரைத் தகரத்துல ஒழுகுற எடத்த அடைச்சிட்டுப் போனான். நம்ம மாடு கன்னு போட்டுருச்சு, காளக் கன்னு, அத வச்சு என்னத்தப் பண்ணுறது. உனக்கு அங்க குளிர் தொடங்கிருக்கும், சைப்ரஸ் குளிரு நம்ம டயகம குளிரு மாதிரி இல்ல, காத்து அடிக்கும்னு சொன்னீல்ல, காத அடைச்சிக்கிட்டு வெளிய போ. முழங்கால் வலிக்கு மாத்திரைய வெறும் வயித்துல போடாத.

இப்ப விசயத்துக்கு வர்றேன். விசா புதுப்பிக்கணும், உன் பொறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கன்னு போன மாசம் சொன்னீல்ல. எனக்கு எது எதுன்னு தெரியுமா? சிங்களத் தாள் எது, இங்கிலீசுத் தாள் எதுன்னு கூட தெரியாது, சீல் குத்தியிருந்தா எல்லாம் கவுருமெண்ட் தாள் தான் எனக்கு. உங்கப்பா எடுத்துத் தர்றேன் எடுத்துத் தர்றேன்னு நாள ஓட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்கு கோவம் வந்துருச்சு. போன செவ்வாக்கெழம அவரு புல்லறுக்கப் போன நேரம் பாத்து, பொட்டிக்கு அடியில வச்சிருந்த தாள் பையை அப்படியே முழுசா தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். ஜெனுஷா பையப் பாத்துட்டு, என்னம்மா ஆபீசையே தூக்கிட்டு வந்துட்டீங்கன்னு சிரிச்சா. எது வேணும்னு எனக்குத் தெரியாது தாயி, எல்லாத்தையும் மிசின்ல போடு, வேணுங்கிறத நீ பாத்து எடுன்னு சொல்லிட்டேன். படிக்கத் தெரியாதவ பின்ன என்ன செய்வா.

அந்த மிசின நீ பாத்திருப்ப, எனக்கு புதுசு. கண்ணாடி மேல தாளக் கவுத்து வச்சு மூடுனா பச்ச வெளிச்சம் ஒண்ணு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போகுது. படம் தான் புடிக்குதுன்னு நெனைச்சேன். இல்லையாம். படத்துல இருக்க எழுத்த மட்டும், நாங்க கொழுந்து கிள்ளிக் கூடையில போடுற மாதிரி, ஒவ்வொண்ணா பொறுக்கி வேற தாள்ல போட்டுருதாம். அப்படிப் போட்ட பெறகு அதுல அழிக்கலாம், சேக்கலாம், பிழையிருந்தா திருத்தலாம்னு சொன்னா. அது மட்டுமா, ஒரு பொத்தான அமுக்குனா போனே சத்தமா வாசிச்சும் காட்டுது. உங்கப்பாவோட பழைய சர்வீஸ் தாளப் போட்டா இங்கிலீசுல இருந்தத தமிழாக்கி, செல்லசாமி இத்தனாந் தேதி தோட்டத்துல பேர் பதிஞ்சாருன்னு ரேடியோவுல செய்தி வாசிக்கிற பொம்பள மாதிரி சொல்லுது. இந்த அம்பது வருசமா எவனாவது ஒருத்தன் வாயப் பாத்துக்கிட்டே நின்னேனே, இப்படி ஒண்ணு முன்னாடியே வந்திருக்கக் கூடாதான்னு வாய்விட்டே சொன்னேன்.

பைக்குள்ள அடியில உன் கடுதாசி நாலும் இருந்திச்சு. நீல மையில, கொப்பித் தாள்ல, கொழும்புல அந்த வீட்டுக்கார நோனாகிட்ட வேலைக்கு நின்னப்ப நீ எழுதுனது. உனக்கு அப்ப பதிமூணு வயசு. எனக்கு ஒரே சந்தோசம். உங்கப்பா நம்ம லயத்து வீடு அத்தனைக்கும் கடுதாசி வாசிக்கிற ஆளு தான, அவரு தான் வாசிச்சுக் காட்டுவாரு. ஒவ்வொண்ணையும் பத்துத் தடவ வாசிக்கச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. அம்மா நான் நல்லா இருக்கேன், நோனா காலையில பால் தேத்தண்ணி தர்றாங்க, ராவைக்கு டிவி பாக்குறேன், குண்டாயிட்டேன், அழாதீங்கன்னு. கொழுந்து நிறுக்குற எடத்துல எல்லாருக்கும் சொல்லி பீத்திக்கிட்டேன். அதக் கேட்டுட்டு தான அடுத்த லயத்து ராக்காயி தன் மகளையும் கொழும்புக்கு அனுப்புனா. இந்த நாலையும் போன்ல ஏத்திக் குடு தாயி, நெனைச்ச நேரம் நானே போட்டுக் கேட்டுக்கிறேன், இனி அந்த மனுசன்கிட்ட கெஞ்ச வேணாம்னு ஜெனுஷாகிட்ட சொன்னேன்.

கையெழுத்துங்கிறதால மிசின் சில எடத்துல பிழை விட்டுருச்சு. ஜெனுஷா உன் தாளையும் திரையையும் மாறி மாறிப் பாத்து திருத்திக்கிட்டே வந்தா. பாதியில கை நின்னுருச்சு. அம்மா இத நீங்க முன்ன கேட்டிருக்கீங்களான்னு கேட்டா. ஐயோ எத்தனை தடவ, வார்த்தைக்கு வார்த்த சொல்லட்டுமான்னேன். போட்டோ கொப்பி எடுக்க நின்ன ரெண்டு பேர அப்புறமா வரச் சொல்லி அனுப்பிட்டு, கதவச் சாத்திட்டு, அம்மா கைய இங்க வைங்கன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு பொத்தான அமுக்குனா.

கிருஷா, பால் தேத்தண்ணி இல்ல. டிவி இல்ல. அந்த பொம்பளக் குரலு அழுகாம, நிறுத்தாம, மழை எத்தனை மில்லிமீட்டர்னு சொல்ற மாதிரி வாசிச்சிக்கிட்டே போகுது. குசினிக்குள்ள சாக்கு விரிச்சு படுக்குறேன், கரப்பான் ஏறுதும்மா. நோனாவோட அம்மா கரண்டியால அடிக்கிறாங்க. ஸ்திரிக்கப் பெட்டி கையில பட்டு முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்துருச்சு, வீட்டு ஐயா டாக்டரு தான், ஆனா அவருகிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்றாங்க. எனக்கு காது கேக்குதா இல்லையான்னே தெரியல. இது வேற யாரோட கடுதாசியோன்னேன். நிப்பாட்டச் சொல்லி திரும்பப் போடச் சொன்னேன். ஜெனுஷா தாள்ல உன் பேர வெரலால காட்டுனா. தாள்ல இல்லாத ஒரு எழுத்தயும் நான் சேக்கலம்மான்னு அவ அழுகுறா.

மூணாவது கடுதாசி தான் என்ன கொன்னு போட்டுச்சு. அதுல நீ எழுதியிருக்க, அம்மா வந்து என்னக் கூட்டிட்டுப் போங்கன்னு. வீட்டுல இருந்து கடுதாசி வந்தா நோனா எடுத்து வச்சிக்கிறாங்க, அதனால எழுதாதீங்க, என்ன இங்க கூட்டிட்டு வந்து விட்ட மாமா தீவாளிக்கு ஊருக்கு வருவாருல்ல, அவருகிட்ட என் தமிழ்ப் புத்தகத்தக் குடுத்து விடுங்க, புத்தகம் வந்தா நீங்க வரப் போறீங்க, நான் திரும்ப பள்ளிக்கூடம் போகலாம்னு தெரிஞ்சிக்கிறேன். உடுப்பு அனுப்புனீங்கன்னா நான் இங்கயே இருக்கணும்னு அர்த்தம், அப்புறம் கேக்க மாட்டேன்னு.

நான் என்ன அனுப்புனேன்னு உனக்குத் தெரியும். ரோஸ் கலர்ல, கழுத்துல சுருக்கு வச்சு, டெய்லர்கிட்ட நாலு நாள் நடந்து தச்சு வாங்கி அனுப்புனேன். குளிருமேன்னு முழுக்கை வைக்கச் சொன்னேன். கொழும்புல ஏதுடி குளிரு, அந்தப் புத்தி கூட இல்ல எனக்கு. நாலாவது கடுதாசி ரெண்டே வரி. சட்டை கெடச்சிச்சு அம்மா. அளவு சரியா இருக்கு, கை முழுசா மூடுது. இது மட்டும் தான் உங்கப்பா உள்ளத உள்ளபடி வாசிச்ச கடுதாசி. அதக் கேட்டு நான் பாதையில போறவ வாறவ எல்லாருக்கும் எம் மகளுக்கு சட்டை அளவா இருக்காம்னு சொல்லித் திரிஞ்சேன். அதுக்கப்புறம் நீ எழுதவே இல்ல. புள்ளைக்கு வேல அதிகம் போலன்னு நெனைச்சேன்.

தை மாசம் தம்பிக்கு நெஞ்சுல ஓட்டைக்கு ஒப்பரேசன் பண்ணுனப்ப, நோனா உன்ன ஆஸ்பத்திரி வாட்டுக்கு கூட்டிட்டு வந்தாங்க. அந்த சட்டையிலயே வந்து கட்டில் காலப் புடிச்சிக்கிட்டு நின்ன. கிட்ட வா சாமின்னு கூப்புட்டேன், வரல. கொழும்புக் காத்து பட்டதும் புள்ளைக்கு கூச்சம் வந்துருச்சுன்னு பக்கத்துக் கட்டில்காரிகிட்ட சொல்லிச் சிரிச்சேன் நானு. அந்தக் கைய ஒரு தடவ மேல தூக்கிப் பாத்திருந்தா? பாக்கலையே. பெத்தவ கண்ணுக்கு சட்டையோட சுருக்கு தான் தெரிஞ்சிச்சு. அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரைக்கும் நீ ஊருக்கு வந்தா விருந்தாளி மாதிரி ரெண்டு நாள் இருந்துட்டுப் போற, ஏன் இந்தப் புள்ள ஒட்ட மாட்டேங்குதுன்னு எத்தனை தடவ கோவில்ல போய் நின்னிருக்கேன் தெரியுமா. எல்லாம் கேட்டுட்டும் கம்முனு இருந்தவ இவன்னு தான இருபத்தாறு வருசமா என்னப் பாத்துக்கிட்டு இருந்திருக்க. நான் கேக்கல சாமி. எனக்குத் தெரியாது. முனியாண்டி மேல சத்தியமா எனக்குத் தெரியாது.

எப்படி பஸ் ஏறுனேன், எங்க எறங்குனேன்னு ஞாபகம் இல்ல. வீட்டுக்கு வந்தா உங்கப்பா புல்லுக் கட்டோட வாசல்ல ஏறுறாரு. போன மேசையில வச்சு பொத்தான அமுக்குனேன். தலையில இருந்த கட்ட எறக்கக் கூட இல்ல அந்த மனுசன், நாலு கடுதாசியும் முடியிற வரைக்கும் அப்படியே நின்னாரு. புல்லுல இருந்த தண்ணி முகத்துல வழியுது, தொடைக்கல. அப்புறம் கட்டப் போட்டுட்டு கீழ உக்காந்து சொன்னாரு, எனக்கு ரெண்டு புள்ள பேச்சின்னு. அந்த டாக்டர் ஐயா தான தம்பிக்கு ஒப்பரேசன் தேதி எடுத்துக் குடுத்தாரு, உன்னக் கூட்டிட்டு வந்துட்டா அந்தத் தேதி போயிருமோன்னு பயமாம். எங்கிட்ட உள்ளபடி வாசிச்சிருந்தா நான் அன்னைக்கே செருப்பில்லாத காலோட கொழும்புக்கு ஓடியிருப்பேன்னாரு. அது உண்ம தான். சாவுச் சேதி வந்தா கூட மொதல்ல சீரியஸ்னு தான வாசிப்போம், அப்படித் தான் கடுதாசி வாசிக்கிறவன் வாசிப்பான்னு வேற சொல்றாரு. மிசின் வந்து தான் எழுத்தத் திருத்தலாம்னு ஜெனுஷா சொன்னா, இவரு மிசின் இல்லாமயே திருத்துன ஆளு. சரி, தை மாசம் ஒப்பரேசன் முடிஞ்சிச்சே, அப்புறமாச்சும் ஏன் போகலன்னு கேட்டேன். தம்பியத் தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு போகணும் போகணும்னு ரெண்டு வருசம் போயிருச்சாம், உன் கடுதாசியும் நின்னுருச்சாம், புள்ளைக்கு பழகிப் போச்சுன்னு நெனைச்சாராம். பழகிப் போச்சாம்!

இன்னும் ஒண்ணு இருக்கு, அத மறைச்சா நானும் அவரும் ஒண்ணு. சட்டைய நான் மடிச்சு பார்சல் கட்டிக்கிட்டு இருக்கப்ப உங்கப்பா உன் தமிழ்ப் புத்தகத்தக் கொண்டு வந்து, இதையும் வைப்பமான்னு கேட்டாரு. அவருக்கு அன்னைக்கு மனசு கேக்கல போல, எங்கிட்ட விட்டுட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, இதப் பாத்தா புள்ளைக்கு பள்ளிக்கூட ஞாபகம் வந்து ஏங்கிப் போயிரும், வேணாம்னு நானே பார்சல்ல இருந்து வெளிய எடுத்து வச்சேன். இந்தக் கையால தான் எடுத்தேன் கிருஷா. அவரு சொல்றப்ப தான் ஞாபகமே வந்திச்சு. அந்தப் புத்தகமும் இப்ப இல்ல, தாளக் கிழிச்சு அடுப்புப் பத்த வச்சே தீந்து போச்சு.

உள்ளபடி தெரிஞ்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நீ கேப்ப. நானும் எட்டு நாளா என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன். தம்பி ஒதடு நீலம் பாரிச்சுக் கெடந்த நேரம் அது. உன்னக் கூட்டிட்டு வந்திருப்பேன்னு நெஞ்சத் தொட்டு சொல்ல எனக்கு தைரியம் இல்ல. ஆனா வந்து பாத்திருப்பேன். உன்னக் கட்டிப் புடிச்சு அழுதிருப்பேன், அந்தக் கையில மருந்து போட்டிருப்பேன், அந்தக் கெழவி கையில இருந்த கரண்டியப் புடுங்கி அவ மூஞ்சியில எறிஞ்சிருப்பேன். இரு சாமி, தம்பிக்கு முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு உன் முகத்தப் பாத்து சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்த இல்லாம தான நீ அங்க கெடந்த.

தம்பிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. அவன் அப்ப நாலு வயசுப் புள்ள, அவன் என்ன பாவம் பண்ணுனான், நீயும் சொல்லிராத. உங்கப்பாவுக்கு நேரத்துக்கு சோறு போட்டு வைக்கிறேன், பேசுறதில்ல. அவரு கன்னுக்குட்டிகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு. இன்னைக்கு பஸ்ஸுக்கு வர்றப்ப பின்னாடியே ஓடி வந்து, என் பேர்லயும் ரெண்டு வரி மன்னிப்புக் கேட்டு சேத்துரு பேச்சின்னாரு. சேக்க மாட்டேன்னுட்டேன். எனக்குத் தான் எழுதத் தெரியாது, அவருக்கு நல்லாவே தெரியும். அவரே எழுதட்டும்.

உன் பொறப்புப் பத்திரமும் விடுகைப் பத்திரமும் ஜெனுஷா மெயில்ல அனுப்பிட்டா, வந்திச்சான்னு பாத்து சொல்லு. விசா தேதிய விட்டுராத. இதப் படிச்சிட்டு ஒடனே போன் எடுக்கணும்னு இல்ல, உனக்கு எப்ப தோணுதோ அப்ப எடு, ஏசணும்னாலும் ஏசு, நான் வைக்க மாட்டேன். அந்த வீட்டுல நடந்தது எல்லாம் நாலு கடுதாசிக்குள்ள அடங்கியிருக்காதுன்னு எனக்குத் தெரியும், எங்கிட்ட நல்லபடியா மாத்திச் சொல்லாத. சொல்லி முடிச்சதும் ரெண்டு தடவ போன வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன், நான் சொன்னது தான் இதுல இருக்கு.

எங்க இருந்தாலும் முனியாண்டி உன்ன வெயில் மழைக்கு விடாம காப்பாத்தணும், உன் கையால நீ சம்பாதிச்சு உன் சொந்த வீட்டுல கட்டில்ல படுத்துத் தூங்கணும், பெத்த வயிறு அத தான் வேண்டிக்குது. இன்னொரு விசயம். உன் தாளோட சேத்து என் ஐடென்டி கார்டையும் பொறப்புப் பத்திரத்தையும் ஜெனுஷா ஸ்கேன் பண்ணிட்டா. பாஸ்போட்டுக்கு போட்டோவும் புடிச்சாச்சு, கண்ணு வீங்கிக் கெடக்கு, பரவால்ல, அடையாளம் தெரிஞ்சா போதும். நான் சைப்ரஸுக்கு வர்றதுக்கு நீ அங்க இருந்து என்ன கடுதாசி அனுப்பணுமோ, யாருகிட்ட என்ன கேக்கணுமோ கேட்டு அனுப்பு. கொழும்பத் தாண்டி எனக்கு ஒரு எடம் தெரியாது, ப்ளேன பக்கத்துல பாத்தது இல்ல, பாசையும் தெரியாது, எல்லாம் கேட்டுக் கேட்டு வந்துருவேன். ஊருக்கு வான்னு உன்ன நான் கூப்புட மாட்டேன். கூப்புட்டது நீ, வர வேண்டியது நான்.

இப்படிக்கு,
உன்னப் பாக்கக் கெளம்பிட்ட
அம்மா பேச்சியம்மா